மொத பந்தியில மண்ணம்மா

கல்யாண மண்டபத்துல நடந்த கதைன்னு சொன்ன ஒடனே ஆளாளுக்குச் சவுகரியமா சாஞ்சுக்கறீங்களே, என்ன எதிர்பாக்கறீங்கன்னு மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு: மாப்பிள்ளை விடியறதுக்குள்ள ஓடிப்போவான், இல்லன்னா பொண்ணு ஓடிப்போவா, நாத்தனார் நகையை ஒளிச்சு வெப்பா, யாராவது ஒரு பெரிய மனுஷன் சாம்பார்ல உப்பில்லன்னு எலையை மூடிட்டு எந்திரிப்பாரு, கடைசியில எல்லாரும் கட்டிப்புடிச்சு அழுதுட்டு போட்டோவுக்கு நிப்பாங்க. அதுல ஒண்ணும் கெடையாது. மாப்பிள்ளை நல்லவன், நகை பத்திரமா இருந்துச்சு, சாம்பார்ல உப்பு சரியா இருந்துச்சு. ரெண்டு மண்ணு சிலை எந்திரிச்சு வந்து பந்தியில உக்காந்து சாப்புட்டுச்சு, அவ்வளவுதான். அதைக் கேட்டு நீங்க வாயைப் பொளக்க வேணாம், விருத்தாசலத்துல யாரும் பொளக்கல, அவங்க ஆத்திரப்பட்டதெல்லாம் வேற விஷயத்துக்கு.

ஜங்ஷன் ரோட்டுல தையல் மஹால்னு ஒரு மண்டபம். மொதலாளி பழமலை, தன் சம்சாரம் தையல்நாயகி பேரையே வெச்சு, அதை வாசல்ல ஆளுயர எழுத்துல எழுதி, ராத்திரியில கலர் கலரா எரியற மாதிரி லைட்டும் போட்டிருந்தாரு. ஊர்ல பாதிப் பேரு தாலி கட்டுனது அங்கதான், மீதிப் பேரு பந்தியில சாப்புட்டதும் அங்கதான். ஆனா அந்த மண்டபத்துல மொத பந்தி எப்படி இருக்கும்னு தையல்நாயகிக்கு ஓரமா நின்னு பாத்துத்தான் தெரியும். ஆம்பளைங்க உக்காருவாங்க, சாப்புடுவாங்க, இன்னொரு கூட்டம் ஆம்பளைங்க உக்காருவாங்க, அப்பறம் வெளியூர்க்காரங்க, அப்பறம் மேளக்காரங்க, அப்பறம் வீடியோக்காரங்க, எல்லாம் முடிஞ்சு வீட்டுப் பொம்பளைங்க உக்காரும்போது அப்பளம் நமுத்து, ரசத்து மேல ஏடு கட்டி, பாயசம் அடிப்புடிச்சதுதான் மிச்சம் இருக்கும். மூத்த மவன் கல்யாணத்துல அவ சாப்புட உக்காந்தப்ப ஹாலைக் கழுவ ஆரம்பிச்சிட்டாங்க, காலைத் தூக்கி வெச்சுக்கிட்டே சாப்புட்டா. அப்ப பழமலை பல்லைக் குத்திக்கிட்டே வந்து, "நீ இன்னுமா சாப்புடல"ன்னு கேட்டாரே ஒரு கேள்வி, அந்தக் கேள்வி அவ வயித்துல அப்படியே செரிக்காமக் கெடந்துச்சு.

மவனுக்கு அப்பறம் பொண்ணு மதுமிதா. அவளுக்குப் பண்ருட்டியில மாப்பிள்ளை பேசி முடிச்சாங்க. அதுக்கு நடுவுல பழமலைக்கு யாரோ ஐரோப்பா டூர்னு சொல்லி, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மங்கி குல்லா மாட்டிக்கிட்டு கெளம்புனாங்க. ஊரு ஊரா எறங்கி, போட்டோ எடுத்து, பஸ்ஸுல ஏறி, புளியோதரை தின்னு, அங்கயும் தட்டை எடுத்துக்கிட்டு வந்து அவருக்குக் குடுத்துட்டு அப்பறம் தனக்கு எடுக்கறது தையல்நாயகி வேலையாத்தான் இருந்துச்சு. ரோம்ல ஒரு மியூசியத்துக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுட்ட மண்ணுல ஒரு கட்டில், கட்டில் மேல ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி. காலை நீட்டிக்கிட்டு, எடது முழங்கையைத் தலையணையில ஊணிக்கிட்டு, அவ முன்னால, அவரு பின்னால, அவ தோள்மேல அவரு கை. வாதாங்கொட்டை மாதிரி சாஞ்ச கண்ணு, கூரான தாடி, பின்னல் பின்னலா முடி, அவ கால்ல முனை வளைஞ்ச செருப்பு, ரெண்டு பேரு ஒதட்டுலயும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே சிரிப்பு. கை மட்டும் காலி. கையில வெச்சிருந்தது என்னவோ எப்பவோ ஒடஞ்சு போச்சு, வெரல்கள் மட்டும் எதையோ தாங்கிக்கிட்டே இருக்கு.

கைடு சொன்னாரு, ரோமாபுரி ஆளுங்க பெரியாளாகறதுக்கு முந்தி அந்தப் பக்கம் எட்ருஸ்கர்னு ஒரு ஜனம் இருந்துச்சாம். கோயிலை மரத்துலயும் மண்ணுலயும் கட்டி, கூரை முகட்டுல ஆளுயர மண்சாமிங்களை நடக்க விட்டாங்களாம், இருந்த வீடும் மரமும் மண்ணும்தானாம், எல்லாம் மழையோட போச்சாம். செத்தவங்களுக்கு மட்டும் பாறையைக் குடைஞ்சு வீடு கட்டுனாங்களாம், உள்ள கட்டில், தலையணை, சுவத்துல மாட்டுன கரண்டி வரைக்கும் கல்லுலயே செதுக்கி. "இதுகூட சவப்பெட்டிதான், உள்ள சாம்பல் இருந்திருக்கும்"னாரு. அப்பறம் சிரிச்சுக்கிட்டே, "விருந்துல பொண்டாட்டியைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு சாப்புடுவாங்க. பக்கத்து நாட்டுக் கிரேக்கருங்க இதைப் பாத்துட்டு, மானங்கெட்ட ஜனம்னு எழுதி வெச்சிருக்காங்க"ன்னாரு.

தையல்நாயகி அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னவ நின்னவதான், பஸ் ஹாரன் அடிச்சும் நகரல. செத்த பொறகாவது சேந்து சாப்புட்டிருக்காளே மகராசின்னு நெனச்சா.

"என்னங்க, மது கல்யாணத்துல நாமளும் இப்படி மொத பந்தியில பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்புடுவமா? சோறு ஆவி பறக்கும்போது?"

"அதாவது என்னன்னா, அதுக்கென்ன இப்ப, உக்காந்துட்டாப் போச்சு"ன்னாரு பழமலை. அவரு எதைச் சொன்னாலும் அதாவது என்னன்னான்னுதான் ஆரம்பிப்பாரு, ஆனா என்னன்னு சொன்னதே கெடையாது.

ஊருக்கு வந்ததும் அந்தச் சிலை மாதிரியே ஒண்ணு செஞ்சு சாப்பாட்டு ஹால் வாசல்ல வெக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னவ அவதான். ஜோடியா இருக்கு, கல்யாண வீட்டுக்கு லட்சணமா இருக்கும்னு அவரும் ஒத்துக்கிட்டாரு. சவப்பெட்டின்னு ரெண்டு பேருமே வாயைத் தொறக்கல. பொம்மை செய்யற அரியமுத்து போட்டோவைப் பாத்துச் செஞ்சாரு. சூளை சின்னதுங்கறதால துண்டு துண்டாச் சுட்டு, இடுப்புல ஒட்டுனாரு. ரோம்ல இருக்கறதும் அப்படி ஒட்டுனதுதான், அதனால அச்சு அசலா வந்துச்சு. ஆனா காலிக் கையைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க நம்ம ஆளுங்களால முடியுமா. பழமலை வந்தாரு, அய்யா கையில வெத்தலத் தட்டை வெச்சாரு, அம்மா கையில பன்னீர்ச் செம்பை வெச்சாரு. மறுநாள் பாத்தா தட்டு அப்படியே இருக்கு, செம்பு தரையில நிமிந்து உக்காந்திருக்கு. வர்த்தக சங்கத் தலைவர் கோதண்டம், ஊர்ல எந்த விஷயத்துலயும் கடைசி வார்த்தை தன்னோடதா இருக்கணும்னு நெனைக்கறவரு, தொண்டையை ரெண்டு தரம் கனைச்சுட்டு, "பொம்பள கையில செம்பு நிக்கலன்னா கரண்டியை வெச்சுப் பாரு"ன்னாரு. கரண்டியும் நிக்கல.

அப்பறம் வந்த முகூர்த்தத்துல, கெட்டி மேளம் முடிஞ்சு, "மொத பந்திக்கு வரலாம்"னு மைக்குல சொன்னதுதான் தாமதம், சிலை ரெண்டும் காலைக் கீழ போட்டு எந்திரிச்சு, புடவையை ஒதறற மாதிரி மேல இருந்த தூசியை ஒதறிட்டு, செம்மண்ணு தடம் பதியப் பதிய நடந்து வந்து, நடு வரிசையில காலியா இருந்த ரெண்டு எலையில பக்கத்துல பக்கத்துல உக்காந்துச்சு. பரிமாறறவன் தண்ணி வெச்சான், உப்பு வெச்சான், கேட்டுக் கேட்டு சோறு போட்டான். சூட்டுல ஆவி பட்டு ரெண்டு பேரு மொகமும் ஈரமாகி, மழை பேஞ்ச தரை வாசம் ஹால் பூரா வந்துச்சு. அய்யா அப்பளத்தை ஒடச்சு பாதியை அம்மா எலையில வெச்சாரு. எல்லாரும் பாத்தாங்க, பாத்துட்டுக் குனிஞ்சு சாப்புட்டாங்க. சோறு உள்ள போயி எங்க தங்குதுன்னுகூட எவனும் கேக்கல. மூணாவது வரிசையில இருந்துதான் ஒரு கொரல் வந்துச்சு.

"யாருய்யா அது, மொத பந்தியில பொம்பளைய உக்கார வெச்சது?"

மண்ணு நடந்து வந்தது குத்தமில்ல, மண்ணு சோறு தின்னது குத்தமில்ல, அந்த மண்ணு பொம்பள மண்ணா இருந்துட்டுப் புருஷன் பக்கத்துல உக்காந்ததுதான் குத்தம். இதைத் தூணோரமா நின்னு கேட்டுக்கிட்டிருந்த தையல்நாயகிக்குக் காது சூடாச்சு.

முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அவங்க வந்தாங்க. ஊரு பழகிருச்சு. எலை எண்ணறவன் ரெண்டைச் சேத்தே எண்ணுனான், பத்திரிகை வெக்கறவங்க சிலைக்கும் ஒண்ணை மடியில வெச்சுட்டுப் போனாங்க, கொழந்தைங்க மண்ணய்யா, மண்ணம்மான்னு பேரு வெச்சு, அய்யா தாடியைப் புடிச்சு இழுத்துச்சுங்க. எல்லாம் சரி, மண்ணம்மாவைக் கடைசி பந்திக்கு எப்படி மாத்தறதுங்கற ஒரு கவலைதான் ஊரைத் தூங்க விடல. ஒரு தரம், "அம்மா, நீங்க பொம்பளைங்களோட அப்பறமா"ன்னு எலையைத் தூக்கி அந்தக் கோடியில போட்டாங்க. மண்ணம்மா எந்திரிச்சுப் போச்சு. மண்ணய்யா தன் எலையை ரெண்டு கையாலயும் ரசம் சிந்தாமத் தூக்கிக்கிட்டு, பின்னாடியே போயி அது பக்கத்துல உக்காந்தாரு. அதைப் பாத்த ஆம்பளைங்களுக்கு வெக்கமாப் போயிருச்சு, ஏதோ அவங்க வேட்டிதான் அவுந்த மாதிரி.

இன்னொரு தரம், சமையல் மாஸ்டர் தனக்கோட்டி கையில இருந்த சாம்பார் வாளியைக் கோதண்டம் வாங்கி, "பொம்பளைன்னா நாலு பேருக்குப் பரிமாறிட்டுச் சாப்புட்டாத்தான் அழகு"ன்னு சொல்லி மண்ணம்மா கையில மாட்டுனாரு. மண்ணம்மா வாளியைப் பாத்துச்சு, கோதண்டத்தைப் பாத்துச்சு, அதே சிரிப்போட வாளியைத் திரும்ப அவரு கையிலயே குடுத்துட்டு உக்காந்துருச்சு. அதுக்குள்ள வரிசையில நாலு பேரு, "தலைவரே இங்க, தலைவரே கொஞ்சம் காய் பாத்துப் போடுங்க"ன்னு கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. மனுஷன் அந்த வரிசை முடியற வரைக்கும் குனிஞ்சு குனிஞ்சு ஊத்தி, சில்க் ஜிப்பா பூரா மஞ்ச.

அந்தக் கடுப்புல, ஒரு மத்தியானம் மண்ணய்யா கட்டில் பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்து, தொண்டையைக் கனைச்சு, ஆம்பளைக்கு ஆம்பளை புத்தி சொன்னாரு. "இந்தா பாருங்க, நீங்க வெளிநாடு, உங்களுக்குத் தெரியாது. உங்க மேல எங்களுக்கு மரியாதை இருக்கு. வீட்டுல எப்படி வேணாலும் இருந்துக்கங்க, நான் வேணாங்கல. நாலு பேரு பாக்கற எடத்துல அவங்களைக் கொஞ்சம் அப்படி நிக்கச் சொன்னா உங்க கௌரவம்தான் கூடும்." மண்ணய்யா சிரிச்ச மொகமாவே கேட்டுக்கிட்டாரு. பொண்டாட்டி தோள்ல இருந்த கையை எடுக்கல.

கடைசியில வழி கண்டுபுடிச்சது கோயில் குருக்கள். "இவ மனுஷி இல்லன்னா அம்பாள்தானே? அம்பாளுக்கு மொத நைவேத்தியம் பண்றதுல தோஷமே கெடையாதே"ன்னாரு, அடடா, ஊருக்கே மூச்சு வந்துச்சு. பொம்பளைன்னா மொத பந்தியில உக்காரப்படாது, சாமின்னா உக்காரலாம், அப்ப அவளைச் சாமியாக்கிட்டா வேலை முடிஞ்சுது. பந்தியம்மன்னு பேரு வெச்சாங்க. கண்ணுக்கு மை தீட்டி, முனை வளைஞ்ச செருப்பு மேல மஞ்சத்துணி சுத்தி, ரெண்டு பேரு எலையையும் ஒரு மேடையில போட்டு, சுத்தி திரை கட்டி, மணியடிச்சு, கற்பூரம் காட்டி, அம்மன் சாப்புட்டு முடிஞ்ச பொறகுதான் மொத பந்தின்னு ஆச்சு. கோதண்டம் தலைமையில அதுக்கு ஒரு விழாக் குழு வேற. இதுல நடந்தது என்னன்னு யாரும் யோசிக்கல: அம்மன் மொதல்ல, ஆம்பளைங்க அதுக்கப்பறம், பொம்பளைங்க அதுக்கும் அப்பறம். முன்னாடி ஆறிப்போன சோறு சாப்புட்டவங்க இப்ப ஜில்லுன்னு சாப்புட்டாங்க, சாப்புடறதுக்கு முன்னாடி பந்தியம்மனைக் கும்புட்டுட்டு வேற சாப்புட்டாங்க.

தையல்நாயகி மட்டும் கும்புடல. "சோத்துக்கு வந்தவளைச் சாமியாக்கிட்டீங்களேடா"ன்னு திரையைப் பாத்துப் பொரிஞ்சா. பாத்திரம் தேய்க்கறவங்க சிரிச்சாங்க, பழமலை பக்கத்துல வந்து, "தையலு, கொரலைக் கொறை"ன்னாரு.

மது கல்யாணம் நெருங்குச்சு. தையல்நாயகி ஞாபகப்படுத்துனா.

"ரோம்ல சொன்னீங்களே."

"அதாவது என்னன்னா, எனக்கு ஒண்ணுமில்ல தையலு. எனக்கு நீ பக்கத்துல உக்காந்தா கசக்குதா? சம்பந்தி வீட்டுக்காரங்க பழைய ஆளுங்க. பண்ருட்டிக்காரங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா நாளைக்குப் பொண்ணுதான் கேக்கணும்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்காம இருப்பனா. ஜாடையாக் கேட்டேன். மொகமே மாறிப் போச்சு அவங்களுக்கு."

அன்னையிலேருந்து தையல்நாயகிக்குப் பண்ருட்டின்னு எழுதுன பஸ்ஸைப் பாத்தாலே பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த ஊர்ப் பலாப்பழம் வாங்கறதையே நிறுத்துனா. நிச்சயத்தப்ப சிரிச்ச மொகமா இருந்த சம்பந்தியம்மா, ஜோக்கு சொல்லிச் சொல்லித் தானே சிரிச்ச அவங்க தம்பி, எல்லாரும் உள்ளுக்குள்ள இப்படியா இருந்தாங்கன்னு மனசுக்குள்ள ஒவ்வொருத்தரையும் நிக்க வெச்சு வைவா. காய் நறுக்கும்போது வைவா, கோலம் போடும்போது வைவா, பொண்ணுக்குப் புடவை எடுக்கப் போன கடையில ஜரிகையைத் தடவிக்கிட்டே வைவா. மதுமிதாகூட, "அம்மா, நீ அவங்க வீட்டுக்குச் சீர் எடுக்கறியா, சண்டைக்குச் சாமான் எடுக்கறியா"ன்னு கேட்டா.

கல்யாணத்தன்னிக்குத் தாலி ஏறிச்சு, தையல்நாயகி கண்ணைத் தொடச்சா, மைக்குல கூப்புட்டாங்க. சிலை ரெண்டும் எறங்கி வந்து திரைக்குள்ள போச்சு, மணி அடிச்சுது, திரை மூடிச்சு, கற்பூரம் முடிஞ்சுது. அன்னிக்கு அவசரத்துல அம்மன் சாப்புட்டு முடிக்கறதுக்குள்ளயே ஆம்பளைங்க வரிசை வரிசையா உக்காந்தாங்க. நடு வரிசையில பழமலை, அவருக்கு எதிர்ல மாப்பிள்ளை அப்பா, அவரு பக்கத்துல சம்பந்தியம்மாவோட அந்த ஜோக்குத் தம்பி, அதான் பண்ருட்டி மாமா. மாப்பிள்ளை அப்பாவுக்கு இன்னொரு பக்கம் ஒரு எலை காலியாவே கெடந்துச்சு. சம்பந்தியம்மா கதவோரமா, கைக்குட்டையைக் கசக்கிக்கிட்டு நின்னாங்க. பாவம், அவங்க வீட்டு வழக்கம் அவங்களையும்தான் நிக்க வெச்சிருக்குன்னு தையல்நாயகி நெனச்சா. அப்படி நெனச்சதும் கோவம் ரெண்டு பங்காச்சு.

தனக்கோட்டி சோத்துக் கூடையோட வந்தாரு, மூடியைத் தொறந்தாரு, ஆவி எந்திரிச்சுது.

தையல்நாயகி நடந்தா. போற வழியில திரையைப் புடிச்சு ஒரு இழுப்பு, வளையம் எல்லாம் கலகலன்னு கொட்டுச்சு. உள்ள மண்ணம்மாவும் மண்ணய்யாவும் ஒருத்தர் எலையில இருந்து ஒருத்தர் வடையை எடுத்துத் தின்னுக்கிட்டு இருந்தாங்க. "நீ வெளிச்சத்துல சாப்புடு தாயி"ன்னு சொல்லிட்டு, நேரா நடு வரிசைக்கு வந்து, பழமலைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த கோதண்டத்தைப் பாத்து, "கொஞ்சம் தள்ளுங்க தலைவரே"ன்னா. அவரு பழக்கதோஷத்துல தள்ளிட்டாரு. அவ உக்காந்தா. எலையில தண்ணி தெளிச்சா. "தனக்கோட்டி, சோறு."

தனக்கோட்டி மொதலாளியைப் பாத்தாரு.

"தையலு," பழமலை ஒதட்டை அசைக்காமப் பேசுனாரு, "எந்திரி. அப்பறமா சாப்புடலாம்."

"மூத்தவன் கல்யாணத்துல அப்பறமா சாப்புட்டேன். என் கல்யாணத்துலயே அப்பறமாத்தான் சாப்புட்டேன், நீங்க தின்னு முடிச்ச எலையில. இப்பச் சாப்புடறேன்."

"சம்பந்திங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"அதாவது என்னன்னா," அவரு பாதி எந்திரிச்சு எதிர் வரிசையைப் பாத்து ஒரு அசட்டுச் சிரிப்பு சிரிச்சாரு, "சம்பந்தி, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, பொண்ணைப் பிரியற வருத்தம், அதுல கொஞ்சம்…"

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, பசிதான்"னா தையல்நாயகி. இத்தனை நாளா மனசுக்குள்ள நிக்க வெச்சு வஞ்ச ஆளுங்க நேர்ல உக்காந்திருக்காங்க, விடுவாளா. "அய்யா பண்ருட்டிக்காரரே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். என் பொண்ணைக் குடுத்திருக்கேன், கைகூப்பிக் குடுத்திருக்கேன். என் பேரு வெச்ச மண்டபத்துல, என் பொண்ணு கல்யாணத்துல, நான் என் புருஷன் பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சூடாச் சாப்புட்டா உங்க வீட்டு மானம் எப்படிப் போவுது? மண்ணு பொம்பள உக்காந்தா கற்பூரம் காட்டுவீங்க, ரத்தமும் சதையுமா ஒருத்தி உக்காந்தா மொகம் மாறுமா? உங்க வீட்டம்மாவைப் பாருங்க, கதவுல சாத்தி வெச்ச தொடப்பம் மாதிரி நிக்க வெச்சிருக்கீங்க. நாளைக்கு என் பொண்ணையும் அங்கதான் நிக்க வெப்பீங்களா?"

மாப்பிள்ளை அப்பாவுக்கு மூஞ்சி செவந்துச்சு, பழமலையைப் பாத்தாரு. பழமலை எலையில இருந்த ஊறுகாயையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கோதண்டம் தொண்டையை ஒரு தரம் கனைச்சாரு, ரெண்டாவது கனைப்பு வரல.

பண்ருட்டி மாமா வாயில பாதி வடை இருந்துச்சு. அதை முழுங்கக்கூட இல்ல.

"அட என்னம்மா, எங்களைப் போட்டு இந்த வாங்கு வாங்கறீங்க. எங்க வீட்டுல அக்காவும் மச்சானும் சேந்துதானே சாப்புடுவாங்க, இந்தக் காலி எலையே அதுக்குப் போட்டதுதான். நீங்க உக்காராம அக்கா மட்டும் எப்படி உக்காரும்னு அப்பலேருந்து நின்னுக்கிட்டு இருக்கு. உங்களையும் கூப்புடலாம்னுதான் இருந்தோம், இந்தா உங்க பக்கத்துல உக்காந்திருக்காரே சம்பந்தி, அவருதான் போன வாரம் ஆளு விட்டுச் சொன்னாரு, எங்க வீட்டம்மாவைப் பந்தியில உக்காரச் சொல்லி யாரும் வற்புறுத்தாதீங்க, அவளுக்கு ஆறிப்போன சோறுதான் புடிக்கும்னு."